ஜோதி ஓட்டம் நம்ம மாவட்டத்துக்கு வந்தால்: முதல்முறை பந்தம் பிடிப்பவர்களுக்கு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒலிம்பிக் பந்தத்தைக் கையில் பிடித்தவன் இல்லை. கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டர், அவ்வளவுதான். வருடா வருடம் விளையாட்டு விழா அன்று மைதானத்தைச் சுற்றி ஒரு பிள்ளை ஜோதி ஏந்தி ஓடுமே, அந்தப் பிள்ளையைத் தயார் செய்வது என் வேலை. அது போக, பெரிய போட்டிகளின் ஜோதி ஓட்டங்கள் எப்படி நடந்தன என்று தேடிப் படிப்பதும் பழைய வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதும் எனக்கு ஒரு கிறுக்கு.

வேலையில் சேர்ந்த முதல் வருடம் நானே ஒரு பந்தம் செய்தேன். மூங்கில் கம்பு, நுனியில் பால்பவுடர் டின், அதற்குள் பழைய வேட்டித் துணி, அதன் மேல் தாராளமாக மண்ணெண்ணெய். ஓடுவதற்கு நான் தேர்ந்தெடுத்த பையன் எங்கள் பள்ளியிலேயே வேகமான நூறு மீட்டர் ஓட்டக்காரன், அதுதான் நான் செய்த பெரிய தப்பு. விசில் கேட்டதும் பாய்ந்துவிட்டான். மைதானத்தின் பாதியில் தீ அணைந்தது, டின்னில் மிச்சமிருந்த மண்ணெண்ணெய் கம்பு வழியாக வழிந்து அவன் முழங்கை வரை வந்தது. "சார், அணைஞ்சு போச்சு சார்" என்று அழாத குறையாக நின்றான். அணைந்ததால்தான் பிழைத்தோம் என்று எனக்கு மட்டும் தெரியும், அணையாமல் இருந்திருந்தால் அந்தக் கையில் பிடித்திருக்கும். மேடையில் இருந்தவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

2022-இல் மாமல்லபுரத்தில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, அந்த விளையாட்டின் வரலாற்றிலேயே முதல்முறையாக ஒரு ஜோதி ஓட்டம் வைத்தார்கள். ஜூன் 19 அன்று டெல்லியில் கிளம்பி 40 நாளில் 75 ஊர், அதில் கன்னியாகுமரியும் ஒன்று. இப்போது 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்கு என்று முடிவாகியிருக்கிறது, 2036 ஒலிம்பிக்குக்கும் இந்தியா விண்ணப்பம் போட்டிருக்கிறது. இந்தியாவின் நீளத்தைக் காட்ட வேண்டும் என்று நினைக்கிற எந்த ஏற்பாட்டாளரும் வரைபடத்தில் கடைசியாக விரல் வைப்பது நம்ம ஊரில்தான். அதனால் இதை இப்போதே எழுதி வைக்கிறேன்.

எந்த மாதிரி ஓட்டம் என்று முதலில் கேளுங்கள்

ஜோதி ஓட்டம் என்றதும் காஷ்மீரிலிருந்து ஒருவர் மாற்றி ஒருவர் கால்நடையாக ஓடி வருவார்கள் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். 40 நாளில் 75 ஊர் என்றால் கணக்கு நீங்களே போட்டுப் பாருங்கள். ஜோதி விமானத்திலும் வண்டியிலும் வரும், ஊருக்குள் கொஞ்ச தூரம் கையில் போகும், ஒரு மேடை, ஒரு வரவேற்பு, பிறகு அடுத்த ஊர். செஸ் ஜோதி இந்த வகை, ஊருக்கு ஊர் ஒரு கிராண்ட்மாஸ்டர் அதை வாங்கிக்கொண்டார். இந்த வகையில் பந்தம் பிடிக்கிறவர்கள் ஒரு ஊருக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான்.

இன்னொரு வகை, ஒலிம்பிக்கை நடத்தும் நாடு தன் ஊர்களுக்குள் நடத்துவது. 2012-இல் லண்டன் போட்டிக்கு முன்னால் 70 நாள், 8,000 பேர் ஏந்தினார்கள். அந்தப் பந்தத்தின் மேல் 8,000 துளைகள், ஆளுக்கு ஒரு துளை. 2024 பாரிஸுக்கு சுமார் 10,000 பேர், ஒருவருக்கு ஏறக்குறைய 200 மீட்டர். 200 மீட்டர் என்பது ஓட்டப்பாதையில் அரைச் சுற்று. நம் பள்ளிப் பையன்கள் அரை நிமிடத்தில் முடித்துவிடுவார்கள், ஆனால் அப்படி முடிக்கக்கூடாது என்பதைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப் போகிறேன்.

மூன்றாவது வகையில் தீயே கிடையாது. காமன்வெல்த் போட்டிக்கு வருவது ஜோதி இல்லை, ஒரு கோல். 1958 கார்டிஃப் போட்டியிலிருந்து இந்த வழக்கம். அரசி (இப்போது அரசர்) எழுதிய செய்தியை அதற்குள் வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோய், தொடக்க விழாவில் எடுத்து வாசிப்பார்கள். 2010 டெல்லி போட்டிக்கான கோல் 2009 அக்டோபர் 29 அன்று லண்டன் பக்கிங்காம் அரண்மனையில் கிளம்பி, நாடு நாடாகச் சுற்றி, வாகா எல்லை வழியாக இந்தியாவுக்குள் வந்தது. எடை 1.9 கிலோ. தீ இல்லையே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம், எடையில் இது பல ஒலிம்பிக் பந்தங்களைவிடக் கூடுதல். கீழே போட்டால் ஒலிம்பிக் பந்தத்தை அணைத்ததைவிடப் பெரிய செய்தியாகும்.

இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் என்ன பயிற்சி, என்ன உடை, யாரிடம் பெயர் கொடுப்பது என்பதெல்லாம் பிடிபடும்.

பெயர் கொடுப்பது

ஒலிம்பிக் மாதிரிப் பெரிய ஓட்டத்துக்கு ஏற்பாட்டுக் குழு, விளம்பரம் தரும் நிறுவனங்கள், உள்ளூர் நிர்வாகம் என்று மூன்று வாசல் வழியாக ஆள் எடுப்பார்கள். பெரும்பாலும் நீங்களே உங்களைப் பரிந்துரைக்கலாம், அல்லது வேறொருவர் உங்களுக்காக எழுதலாம். நம்ம ஊரில் முதலில் போக வேண்டிய இடம் நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலர் அலுவலகம். வழித்தடம் அறிவித்த பிறகு ஓடிப்போனால் பட்டியல் முடிந்திருக்கும், அதனால் போட்டி நடக்கும் ஊர் முடிவானதுமே போய் முகத்தைக் காட்டிவிட்டு வாருங்கள். உங்கள் விளையாட்டின் மாவட்டக் கழகத்திலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

எழுதும்போது சான்றிதழ் பட்டியலை அடுக்காதீர்கள். எல்லோரிடமும் சான்றிதழ் இருக்கும். நீங்கள் யார், உங்கள் ஊரில் என்ன செய்தீர்கள் என்று பத்து வரி போதும். கடற்கரை ஊரில் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறவர், ரப்பர் பால் வெட்டப் போய்விட்டு வந்து ஓட்டப் பயிற்சி எடுக்கும் அக்கா, இப்படிப்பட்டவர்களைத் தேடித்தான் பட்டியல் போடுகிறவர்களும் அலைவார்கள். ஒருவரைப் பற்றிப் படித்ததும் வர்ணனை செய்கிறவர் மைக்கில் ஒரு வாக்கியம் சொல்ல முடிய வேண்டும், அதுதான் அளவுகோல்.

வயது வரம்பு போட்டிக்குப் போட்டி மாறும். லண்டனில் 12 வயது நிரம்பியிருந்தால் போதும். மேல்வரம்பு இல்லாததால் நூறு வயதுக்காரர்களும் ஏந்தியிருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு நாற்காலியில் பந்தத்தைப் பொருத்தும் பிடி கொடுப்பார்கள், ஆனால் விண்ணப்பத்திலேயே சொல்லிவிட வேண்டும், அன்றைக்குக் காலையில் சொன்னால் கயிறு வைத்துக் கட்டுவார்கள்.

பந்தம் பிடிக்கப் பணம் கட்ட வேண்டும் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். ஓடி முடித்த பிறகு பந்தத்தை விலைக்கு வாங்கிக்கொள்ளும் வசதி சில ஒலிம்பிக்குகளில் உண்டு, அது வேறு கதை.

வீட்டுப் பயிற்சி: தண்ணீர் பாட்டில் போதும்

லண்டன் பந்தம் 80 செ.மீ. உயரம், 800 கிராம். பாரிஸ் பந்தம் ஒன்றரைக் கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, அதனால் ஒரு லிட்டர் பாட்டிலில் ஆரம்பித்து ஒன்றரை லிட்டருக்குப் போங்கள். பாட்டிலைக் கையில் பிடித்து, முழங்கையை லேசாக மடக்கி, பாட்டிலின் அடி உங்கள் நெஞ்சு உயரத்திலும் தலை உங்கள் நெற்றிக்கு மேலேயும் இருக்கும்படி முன்னால் நீட்டுங்கள். இப்போது மூன்று நிமிடம் மெதுவாக ஓடிப் பாருங்கள். முதல் நிமிடம் சிரிப்பாக இருக்கும். இரண்டாவது நிமிடத்தில் தோள் பேசும். மூன்றாவதில் பாட்டில் மெல்ல மெல்ல முகத்தை நோக்கிச் சாயும், அதுதான் ஆபத்தான இடம். பத்து நாள் இரண்டு கையிலும் மாற்றி மாற்றிச் செய்தால் சரியாகிவிடும்.

வேகம்? சிவாலய ஓட்டத்தில் ஓடியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சிவராத்திரிக்கு பன்னிரண்டு சிவாலயம், நூறு கிலோமீட்டருக்கு மேல், கையில் பனையோலை விசிறி, வாயில் "கோவிந்தா கோபாலா". முதல் கோவில் இருக்கும் முன்சிறையிலேயே பாய்ந்தவன் திற்பரப்பு தாண்டமாட்டான். உருட்டி உருட்டி ஓடுகிற அந்த ஓட்டம்தான் ஜோதிக்கும் வேண்டும், அதிலும் பாதி வேகம். பக்கத்தில் நடந்து வருகிற ஆள் எட்டு வைத்தால் உங்களோடு வர முடிய வேண்டும். ஓட முடியாதவர்கள் நடக்கலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். சொல்லப்போனால் நடக்கிறவர்களுக்குத்தான் கைதட்டல் அதிகம்.

இன்னொன்று, கையை ஆட்டாதீர்கள். நம்ம பக்கத்துப் பெரியவர்கள் இருட்டில் ஓலைச்சூட்டு கொளுத்திக்கொண்டு நடப்பார்கள், காய்ந்த தென்னோலையைச் சேர்த்துக் கட்டியது, அதை வீசி வீசித்தான் எரியவைக்க வேண்டும், வீசாவிட்டால் புகையும். அந்தப் பழக்கம் நம் கையில் எங்கேயோ ஊறிக் கிடக்கிறது போல, பிள்ளைகள் பந்தத்தைப் பிடித்ததும் தானாக வீசுகிறார்கள். இப்போதைய பந்தங்களுக்குள் இருப்பது வாயு உருளை. தீ தன்னால் எரியும், நீங்கள் நிமிர்த்திப் பிடித்தால் மட்டும் போதும்.

காற்று

மற்ற மாவட்டத்துக்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம். நம்ம ஊருக்கு இதுதான் உயிர்.

ஆனி, ஆடி மாதம் ஆரல்வாய்மொழியில் நின்றிருக்கிறீர்களா? அந்தக் கணவாய்க் காற்றை நம்பித்தானே அத்தனை காற்றாலை. பெரிய போட்டிகள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில்தான் வருகின்றன, அப்படியானால் அவற்றின் ஜோதி நம்மிடம் வருவதும் சரியாக இந்தக் காற்றுக் காலத்தில்தான். ஒலிம்பிக் பந்தங்களைக் காற்றுக்கும் மழைக்கும் சோதித்துத்தான் செய்கிறார்கள், 2008 பெய்ஜிங் பந்தம் மணிக்கு 65 கி.மீ. காற்றிலும் எரியும் என்று அறிவித்தார்கள். அதனால் அணைவதைப் பற்றிப் பயம் வேண்டாம், தீ எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் கவலை.

நான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது ஒரே விதி: காற்று எந்தக் கன்னத்தில் அடிக்கிறதோ, பந்தம் அதற்கு எதிர்க் கையில். வலது கன்னத்தில் காற்று என்றால் இடது கையில் பந்தம், தீ உங்களை விட்டு வெளியே போகும். மாற்றிப் பிடித்தால் தீ உங்கள் தலைக்கு மேலே வரும். ஆடி மாதம் மேற்கிலிருந்து காற்று வீசும்போது நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரியை நோக்கி ஓடினால் காற்று வலப்பக்கம் பின்னாலிருந்து வரும், அப்போது இடது கை. கன்னியாகுமரியிலிருந்து கிளம்பி நாகர்கோவில் பக்கம் வருவதானால் இடது கன்னத்தில் முன்னாலிருந்து அடிக்கும், வலது கை. நேர் எதிர்க்காற்று என்றால் கையைக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளிப் பிடியுங்கள், மூக்குக்கு நேராகப் பிடிக்காதீர்கள். சாலை வளைகிற இடத்தில் கை மாற்ற வேண்டியிருந்தால் நின்று மாற்றுங்கள், ஓடிக்கொண்டே வேண்டாம்.

கடற்கரைச் சாலையில் கட்டட இடைவெளிகளில் காற்று திடீரென்று திரும்பும். முந்தின நாள் அதே நேரத்துக்கு உங்களுக்குக் கொடுத்திருக்கும் சாலைத் துண்டில் ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். கையில் ஒரு கைக்குட்டை போதும், அது பறக்கிற திசையைப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

பள்ளியில் ஒத்திகை வைப்பவர்களுக்கு

பெரிய ஓட்டத்துக்கு முன்னால் பள்ளிகளில் மாதிரி ஓட்டம் வைக்கச் சொல்வார்கள், அந்தப் பந்தத்தைச் செய்யும் வேலை எப்படியும் பி.டி. மாஸ்டர் தலையில்தான் விழும். என் மூங்கில் கம்புக் கதையிலிருந்து கற்றது இது. பெட்ரோல் பக்கமே போகாதீர்கள், மண்ணெண்ணெயும் வேண்டாம். கோவில் பந்தம் கட்டுகிற மாதிரி கனத்த பருத்தித் துணியை இறுக்கிச் சுற்றி, கம்பியால் கட்டி, தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து, பிறகு சொட்டு விழாத வரைக்கும் பிழிந்துவிடுங்கள். தீக்கும் கைக்கும் நடுவில் ஒரு தகரத் தட்டைத் துளையிட்டு மாட்டுங்கள், வழிகிற எண்ணெய் அதில் நிற்கும். பற்றவைக்க மேலே இரண்டு கற்பூரம். எரிகிற பந்தத்தில் எண்ணெய் ஊற்றுகிற வேலை கூடவே கூடாது. கூட ஓடுகிற இரண்டு பிள்ளைகளில் ஒருவன் கையில் நனைத்த சாக்கு இருக்கட்டும். பார்க்க அழகாக இருக்காதுதான், இருந்தாலும் இருக்கட்டும்.

அன்றைக்கு

உடை அவர்களே கொடுப்பார்கள். உள்ளே போடுவது பருத்தியாக இருக்கட்டும். துப்பட்டா, தோளில் துண்டு, தொங்குகிற பூச்சரம், தலைக்கு ஸ்ப்ரே எதுவும் வேண்டாம், நீளமான முடி இருந்தால் பின்னிக் கொண்டையாக முடிந்துவிடுங்கள். பழகிய ஷூவைப் போடுங்கள், இதற்கென்று வாங்கிய புது ஷூ கடிக்கும், கடித்துக்கொண்டே சிரிக்க வேண்டியிருக்கும்.

காலையில் கனமாகச் சாப்பிடாதீர்கள். இரண்டு மட்டிப் பழமும் ஒரு கட்டன் சாயாவும் போதும். அறிவித்த நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் ஓர் இடத்தில் கூடச் சொல்வார்கள். அங்கே சட்டை, எண், கொஞ்சம் அறிவுரை. பிறகு ஒரு பஸ்ஸில் ஏற்றி, அவரவர் துண்டு தொடங்கும் இடத்தில் ஒவ்வொருவராக இறக்கிவிட்டுக்கொண்டே போவார்கள். கையில் எரியாத பந்தம், சுற்றிலும் செல்ஃபி கேட்கும் கூட்டம், ஜோதி எங்கே வருகிறது என்று யாருக்கும் தெரியாது, நீங்கள் நடுரோட்டில் தனியாக நிற்பீர்கள். அரை மணி நேரம் என்பார்கள், ஒன்றரை மணி நேரம் ஆகும். மொத்த அனுபவத்தில் இந்தக் காத்திருப்புதான் நீளமானது, பயிற்சி எடுக்க வேண்டியதும் இதற்குத்தான் என்று எனக்குத் தோன்றும். பந்தத்தை யாரிடமும் "கொஞ்சம் பிடி மக்கா" என்று கொடுத்துவிட்டு ஒதுங்காதீர்கள். ஒதுங்குகிற வேலையெல்லாம் பஸ் ஏறும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள், சின்ன விஷயம்தான், ஆனால் கடைசி நேரத்தில் எல்லோரும் தவிக்கிற விஷயமும் இதுதான்.

வரிசை இப்படி வரும்: முன்னால் போலீஸ் வண்டி, அப்புறம் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டு வரும் விளம்பர வண்டிகள், அப்புறம் கேமராக்காரர்கள் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கும் வண்டி, அதற்குப் பின்னால் ஜோதி, அதன் இரண்டு பக்கமும் கூடவே ஓடும் பாதுகாவலர்கள். கேமரா வண்டி தெரிந்ததும் நடுச் சாலைக்கு வந்துவிடலாம். ஓர் ஊழியர் வந்து உங்கள் பந்தத்தில் வாயுவைத் திறந்துவிடுவார், நீங்களாக எதையும் திருகாதீர்கள்.

கைமாற்றும் அந்தச் சில நொடிகள்

இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பந்தம் கைமாறுவதில்லை, தீதான் மாறுகிறது. உங்கள் பந்தம் உங்களிடம், அவர் பந்தம் அவரிடம். இரண்டு பேரும் நின்று, இரண்டு பந்தங்களின் வாயும் ஒன்றை ஒன்று தொடுகிற மாதிரிச் சாய்த்து, பற்றுகிற வரைக்கும் அசையாமல் நிற்க வேண்டும். வாங்குகிறவர் அவசரப்பட்டு இழுத்துவிடுவார், அவர் முகத்தைப் பார்க்காமல் தீயைப் பாருங்கள். நன்றாகப் பற்றிய பிறகு கேமராவுக்கு ஒரு சிரிப்பு, பிறகுதான் அவர் திரும்பி ஓட வேண்டும்.

நம்ம மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தப் பொறுமை புதிதில்லை. நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரம் அரண்மனையில் திருவிதாங்கூர் மன்னரின் உடைவாள் கைமாறுவதைப் பார்த்திருப்பீர்கள். தேவாரக்கட்டு சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் என மூன்று சாமி சிலைகள் திருவனந்தபுரத்துக்குக் கிளம்புவதும், கேரள எல்லையான களியக்காவிளையில் இந்தப் பக்கத்துப் போலீசும் அந்தப் பக்கத்துப் போலீசும் நின்று மரியாதை செய்து ஒப்படைப்பதும், யாரும் அங்கே அவசரப்படுவதில்லை. கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் ஒரு நிமிடம் நின்றால்தான் கொடுத்ததாகக் கணக்கு. ஓடுகிற தூரத்தை மறந்துவிடுங்கள், ஒரு கையிலிருந்து வாங்கி இன்னொரு கைக்குக் கொடுக்கத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இந்த வழக்கம் ரொம்பப் பழையது என்று மேடையில் யாராவது பேசுவார்கள். 1928 ஆம்ஸ்டர்டாமில்தான் நவீன ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் போட்டி முழுக்கத் தீ எரிந்தது. ஓட்டம் இன்னும் பிந்தியது, 1936 பெர்லின், கார்ல் டீம் என்பவர் ஏற்பாடு செய்தது. கிரேக்கத்தின் ஒலிம்பியாவிலிருந்து 3,000 பேருக்கு மேல் ஓடினார்கள், நாஜி அரசு அதைத் தன் விளம்பரத்துக்கு நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. மேடையில் இதைச் சொல்லித் திருத்த வேண்டாம், தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

அணைந்துவிட்டால்

அணையும். பெரிய பெரிய ஓட்டங்களிலேயே அணைந்திருக்கிறது. 1976 மாண்ட்ரியலில் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே மழையில் அரங்கத்துத் தீ அணைந்து, ஓர் ஊழியர் சிகரெட் லைட்டரால் பற்றவைத்துவிட்டார். பிறகு அதை அணைத்துவிட்டு முறையான தீயிலிருந்து மறுபடி ஏற்றினார்கள். 2013-இல், சோச்சி குளிர்கால ஒலிம்பிக்குக்காக மாஸ்கோவில் ஓடியபோதும் பந்தம் அணைய, பக்கத்தில் நின்றவர் லைட்டரை நீட்டினார், அது உலகம் முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தது.

முறையான தீ என்பது என்ன? ஒலிம்பியாவில் குழி ஆடியில் சூரிய ஒளியைக் குவித்து ஏற்றும் தீயைச் சுரங்கத் தொழிலாளர்களின் விளக்கு மாதிரி மூடிய விளக்குகளில் பிரித்து வைத்திருப்பார்கள். விமானத்தில் வருவதும் இதுதான், ஓட்டத்தின் பின்னால் ஒரு வண்டியில் வருவதும் இதுதான். பந்தம் அணைந்தால் இதிலிருந்து ஏற்றிக்கொள்வார்கள். சூரியன் வராவிட்டால்? நம்ம ஊரில் சூரிய உதயம் பார்க்க நாலு மணிக்கு எழுந்து வந்து மேகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களைக் கேளுங்கள், அதே கதி அங்கேயும் உண்டு. 2024 பாரிஸுக்கு ஏற்றிய அன்று மேகம், ஒத்திகையில் ஏற்றி வைத்திருந்த தீயைத்தான் எடுத்தார்கள்.

ஆக, உங்கள் கையில் அணைந்தால் நின்றுகொள்ளுங்கள். பந்தத்தை உயர்த்தியே பிடியுங்கள், பதறி ஓடாதீர்கள், ஊதாதீர்கள், யாராவது தீப்பெட்டியோடு ஓடி வந்தால் தலையை ஆட்டி வேண்டாம் என்று சொல்லுங்கள். விளக்கு பின்னாலேயே வருகிறது. ஒரு நிமிட வேலை.

படகும் பாறையும்

ஏற்பாட்டுக் குழுவில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: விவேகானந்தர் பாறைக்கு ஜோதியைப் படகில் கொண்டுபோனால் என்ன? நல்ல யோசனைதான், 2000-இல் சிட்னிக்காரர்கள் கடலுக்கு அடியிலேயே எரிகிற பந்தத்தைக் கொண்டுபோனார்கள். ஆனால் கடல் நீர்மட்டம் தாழ்ந்தாலும் அலை எழும்பினாலும் பாறைக்குப் போகும் பூம்புகார் கப்பல் கழகத்தின் படகு நின்றுவிடும் என்பது நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும், டெல்லியில் நிகழ்ச்சி நிரல் அச்சடிக்கிறவருக்குத் தெரியாது. அதனால் பாறையை நிரலில் போட்டால், கரையிலேயே காந்தி மண்டபம் பக்கம் ஒரு மாற்று இடமும் போடச் சொல்லுங்கள். 2024 டிசம்பர் 30-இல் திறந்த கண்ணாடிப் பாலம், 77 மீட்டர், இப்போது பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கிறது. படகு ஓடுகிற நாளாக இருந்தால் அந்தப் பாலத்தில் ஒரே ஆளை நடக்கவிடலாம், பின்னால் 133 அடி வள்ளுவர், இதைவிடப் படம் வேண்டுமா. ஓட வேண்டாம், நடந்தால் போதும், கடல் காற்று அங்கே முழுசாக அடிக்கும்.

வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு

நாகர்கோவிலுக்குள் என்றால் மணிமேடை, செட்டிகுளம், வேப்பமூடு சந்திப்புகளுக்குப் போகாதீர்கள், எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள். இரண்டு சந்திப்புக்கு நடுவில் ஏதாவது ஒரு கடைத் திண்ணையைப் பிடியுங்கள். கைமாற்றுகிற இடம் எது என்று கண்டுபிடிப்பது சுலபம், எரியாத பந்தத்தோடு ஒருவர் தனியாக வெயிலில் நிற்பார், அவருக்குப் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள், கொஞ்சம் தண்ணீரும் கொடுங்கள். பைக்கை எடுத்து வராதீர்கள், சாலையை மூடிய பிறகு அது உங்களுக்குப் பாரம். வடசேரியிலோ அண்ணா பேருந்து நிலையத்திலோ இறங்கி நடந்துவிடலாம்.

பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வருகிற ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒருமுறை ஒரு நிகழ்ச்சிக்கு எங்கள் பிள்ளைகளைக் காகிதக் கொடியோடு காலை எட்டு மணிக்கே வரிசையில் நிறுத்தச் சொன்னார்கள், வண்டி வந்தது பதினொன்றே காலுக்கு, எட்டு நொடியில் தாண்டிப் போய்விட்டது. மூன்று பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். தண்ணீர் கேட்டதற்கு, நிகழ்ச்சி முடிந்ததும் தருவோம் என்றார் ஒருவர். அதற்குப் பிறகு நான் நிற்கிற நேரத்தைப் பாதியாகக் குறைத்துத்தான் கூட்டிப் போகிறேன், நிழலும் தண்ணீரும் கழிப்பறையும் எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன். யாராவது முறைத்தால் முறைத்துவிட்டுப் போகட்டும்.

முடிந்த பிறகு

தீயைக் கொடுத்ததும் உங்கள் பந்தத்தை அணைத்து வாயு உருளையைக் கழற்றிக்கொள்வார்கள். பின்னால் வருகிற பஸ் உங்களை ஏற்றிக்கொள்ளும். வாய்ப் பக்கம் கொஞ்ச நேரம் சூடாகவே இருக்கும், பிள்ளைகள் தொட வருவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். பந்தம் உங்களுக்கே என்று கொடுத்துவிட்டால், அந்த வாரம் வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அதைக் கையில் கொடுத்துப் படம் எடுக்க வேண்டியிருக்கும், மறுக்க முடியாது.

மறுநாள் காலையில் பந்தம் பிடித்த பக்கத்துத் தோள்பட்டையைத் தூக்க முடியாது. காயத்திருமேனி எண்ணெயை லேசாகச் சூடாக்கித் தேய்த்து, அரை மணி நேரம் கழித்து வெந்நீரில் குளியுங்கள். இரண்டு நாளில் சரியாகிவிடும்.